டீச்சரின் பழைய வீடியோ

2012ஆம் வருஷம். கலிஃபோர்னியாவில் ஆக்ஸ்னார்ட் என்ற ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை ஒருவர் ஆபாசப் படத்தில் நடித்திருக்கிறார் என்று மாணவர்களுக்குள் பேச்சு கிளம்பியது. நிர்வாகம் இணையத்தில் தேடிப் பார்த்தது, ஒன்றும் அகப்படவில்லை. ஏன் அகப்படவில்லை என்றால், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் அந்த மாதிரித் தளங்கள் திறக்காது, தடுத்து வைத்திருந்தார்கள். அப்புறம் சக ஆசிரியர்கள் சிலர் தங்கள் போனில் அந்த வீடியோவைக் கொண்டுவந்து நிர்வாகத்திடம் காட்டினார்கள். வேலை போனது.

அந்த போன்கள்தான் எனக்கு இன்னும் உறுத்துகின்றன. நானும் சில வருஷம் மெட்ரிக் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள், ஸ்டாஃப் ரூம் எப்படி இருக்கும் என்று தெரியும். நீள மேஜை, பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ், திருத்தாமல் கிடக்கும் நோட்டுக் கட்டு, யாரோ ஒருவர் போனை நீட்ட மற்றவர்கள் "ஐயய்யோ" என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்ப்பது. ஆக்ஸ்னார்டில் இப்படியேதான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ உட்கார்ந்து தேடியிருக்க வேண்டும், முகத்தைப் பார்த்து இவர்தானா இல்லையா என்று உறுதியாகும்வரை ஓடவிட்டிருக்க வேண்டும். நடித்தவருக்கு வேலை போனது, பார்த்தவர்கள் அடுத்த பீரியடுக்கு மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார்கள்.

அந்த ஆசிரியை சும்மா விடவில்லை, மேல்முறையீடு செய்தார். 2013 ஜனவரியில் மூன்று பேர் கொண்ட குழு ஒருமனதாக அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. அவர் நடித்தது 2005, 2006 வாக்கில், மொத்தம் எட்டு மாதம். கூட இருந்தவர் விட்டுவிட்டுப் போய், கையில் காசில்லாமல் நின்ற காலம் அது. படத்தில் நடிப்பது முடிந்துபோன விஷயம்தான் என்று குழுவும் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் படங்கள் இணையத்தில் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் இவர் நல்ல ஆசிரியையாகவும் மதிப்புள்ள சக ஊழியராகவும் இருப்பதற்கு அது தொடர்ந்து தடையாகவே இருக்கும் என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கட்டுரையில் இப்படி மாட்டிக்கொண்ட ஆசிரியைகள் யாருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும், அது எனக்கும் தெரியும். பெயரைப் போட்டுத் தேடினால் இது வருகிறது என்பதுதான் அவர்கள் எல்லோருடைய பிரச்சினையும், அந்தப் பட்டியலில் தமிழிலும் ஒரு வரி சேர வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நான் பேசுவது சட்டப்படி குற்றமாகாத வேலையைப் பற்றி. கலிஃபோர்னியாவில் பெரியவர்கள் சம்மதத்தோடு ஆபாசப் படத்தில் நடிப்பதும், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நடிக்க வைப்பதும் விபசாரச் சட்டத்துக்குள் வராது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றமே 1988இல் ஃப்ரீமேன் வழக்கில் சொல்லிவிட்டது. நெவாடாவின் கிராமப்புற மாவட்டங்கள் சிலவற்றில் லைசென்ஸ் வாங்கிய விபசார விடுதிகள் 1971 முதல் நடக்கின்றன. நியூசிலாந்தில் 2003இலிருந்து பாலியல் தொழில் குற்றமே இல்லை. இந்த இடங்களில் இப்படிச் சம்பாதித்த ஒருவர், வரியும் கட்டி, அதை விட்டுவிட்டு, பட்டம் படித்து, தேர்வெழுதி, வகுப்பறைக்கு வருகிறார். போலீஸ் சரிபார்ப்பில் ஒன்றுமில்லை. எதற்காக அவரை வெளியே அனுப்ப வேண்டும்?

"ஒழுக்கம்" என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். அதே கலிஃபோர்னியாவில் அந்த ஒரு வார்த்தைப் பதில் போதாது என்று 1969லேயே தீர்ப்பு வந்திருக்கிறது, ஆசிரியர் வேலை பற்றிய சட்டத்தில் அது பெரிய தீர்ப்பு. மாரிசன் என்று ஒரு ஆசிரியர். 1963இல் இன்னொரு ஆண் ஆசிரியரோடு ஒரே ஒரு வாரம் நடந்த உறவு. சுமார் ஒரு வருஷம் கழித்து அந்த இன்னொருவரே மேலதிகாரியிடம் போய்ச் சொல்ல, மாரிசன் ராஜினாமா செய்தார். அதோடு விட்டார்களா என்றால் இல்லை, மாநிலக் கல்வி வாரியம் அவருடைய ஆசிரியர் சான்றிதழையே ரத்து செய்தது. 60களின் அமெரிக்காவில் ஓரினச் சேர்க்கையாளர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது என்றால் இன்றைக்கு நாம் பேசும் இந்த விஷயத்தைவிடப் பெரிய கலவரம். அந்தச் சூழ்நிலையில் மாநில உச்ச நீதிமன்றம், ஒழுக்கக்கேடு என்று சும்மா சொன்னால் ஆகாது, அந்தச் செயலுக்கும் இவர் பாடம் எடுக்கத் தகுதியில்லாதவர் என்பதற்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்றது. எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. மாணவர்களையோ சக ஆசிரியர்களையோ அது பாதித்ததா, எவ்வளவு பாதித்தது, எந்தச் சூழ்நிலையில் நடந்தது, மறுபடி நடக்குமா, நடந்து எவ்வளவு காலமாகிறது.

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் என் பேச்சு முழுக்க இருக்கிறது. மாரிசன் காலத்தில் காலம் போகப் போக அது உங்கள் பக்கம் பேசும். ஒரு தப்பே செய்திருந்தாலும், ஊர் மாறி, ஆள் மாறி, பத்து வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தால் அந்தப் பத்து வருஷத்துக்கு ஒரு எடை உண்டு. நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து வந்த ஆக்ஸ்னார்ட் தீர்ப்பில் அதுவே தலைகீழாகிவிட்டது. வீடியோவுக்கு வயசாவதில்லை. 2005இல் எடுத்ததை 2012இல் ஒரு பதின்மூன்று வயசுப் பையன் பார்த்தால் அது அன்றைக்கு நடந்த மாதிரிதான். 2035இல் பார்த்தாலும் அப்படித்தான். அப்படியானால் அந்தத் தண்டனைக்கு முடிவு எங்கே? கொலை செய்தவனுக்கு ஆயுள் தண்டனை என்றால்கூட ஒரு நாள் பரோல், நன்னடத்தை என்று ஏதாவது பேச இடமுண்டு. இங்கே குற்றமே இல்லை, தண்டனைக்கு மட்டும் காலவரையறை கிடையாது, இணையம் இருக்கும் வரைக்கும்.

நான் சும்மா பயமுறுத்தவில்லை, இரண்டு தடவை இதை அனுபவித்த ஒருவர் இருக்கிறார். கென்டக்கி மாநிலத்தில் அறிவியல் ஆசிரியை. 90களில் நடித்த படம் பற்றி 2006இல் வெளியே தெரிந்து அவரை வகுப்பிலிருந்து விலக்கினார்கள். அவர் அந்த ஊரை விட்டு, வேறு பெயரில், மிசௌரியில் செயின்ட் லூயிஸ் பக்கம் ஒரு பள்ளியில் மறுபடி அறிவியல் டீச்சராகச் சேர்ந்தார். 2011இல் ஒரு மாணவன் நேராக வந்து இதைப் பற்றிக் கேட்டிருக்கிறான். இந்தத் தடவை யாரும் துரத்துவதற்கு முன்னால் அவரே தன்னை விடுப்பில் அனுப்பச் சொல்லிவிட்டார். கேட்டவனுக்குத் தெரியுமோ தெரியாதோ, அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதோ பிறப்பதற்கு முன்போ எடுத்த படம் அது.

டல்லாஸில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கேயும் அறிவியல் ஆசிரியைதான் (அது என்னவோ, நான் படித்த வழக்குகளில் பாதி அறிவியல் டீச்சர்களாகவே இருக்கிறார்கள்). சின்ன வயசில் தன்னைவிட மூத்த ஒருவரின் பிடியில் கட்டாயத்தின் பேரில்தான் நடித்தேன் என்று அவர் சொன்னார். 2016இல் யாரோ பெயர் சொல்லாமல் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்தார்கள், விசாரணை நடந்தது, அவர் வேலையில் தொடர்ந்தார். இது ஊருக்குத் தெரியாத வரைக்கும் பிரச்சினையில்லை என்று தன்னிடம் சொன்னதாக அவர் பின்னால் பேட்டியில் கூறினார். சில மாதத்தில் ஃபேஸ்புக்கில் விஷயம் வெடித்தது, வேலை போனது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அந்தப் பெண் என்ன மாறியிருப்பார்? வழக்கம்போல வந்திருப்பார், அட்டெண்டன்ஸ் எடுத்திருப்பார், தனிம அட்டவணையோ தாவர செல்லோ நடத்தியிருப்பார். நிர்வாகத்துக்கு முன்பே தெரிந்த விஷயம் ஃபேஸ்புக்குக்கும் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை என் பெரியம்மா மகளிடம் சொன்னேன். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நான் டீச்சர் வேலைக்குப் போனதற்கே அவர்தான் காரணம். என்னைவிடக் கொஞ்சம் கட்டுப்பெட்டியாக இருப்பாரே தவிர கெட்ட மனசு கிடையாது. அவர் பாவம் புண்ணியம் என்றெல்லாம் பேசவில்லை.

"ஏண்டி, நானும் அவளை ஒண்ணும் சொல்லல. வயித்துப்பாட்டுக்குச் செஞ்சிருப்பா. ஆனா ஒம்பதாம் கிளாஸ் பசங்க அம்பது பேரு அந்த வீடியோவைப் பார்த்துட்டு உக்காந்திருக்கான். அவ போர்டு பக்கம் திரும்பினா பின்னாடி சிரிப்பு. அதுல எப்படிடி பாடம் நடக்கும்? நீ வகுப்பு எடுத்தவதானே, சொல்லு."

இதுதான் எதிர்த்தரப்பின் ஆகச் சிறந்த வாதம். ஆக்ஸ்னார்ட் தீர்ப்பும் அடிப்படையில் இதைத்தான் சொல்கிறது. வகுப்பு எடுத்தவள் என்பதால் நான் இதை அலட்சியப்படுத்த மாட்டேன், முதுகுக்குப் பின்னால் எழும் சிரிப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே வகுப்பில்தான் வேறொன்றையும் பார்த்தேன்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கு டான்ஸ் மிஸ்ஸாக ஒருவர் வந்தார். முன்பு சினிமாவில் குரூப் டான்சராக இருந்தவர். அதை மறைக்கவும் இல்லை, தண்டோரா போடவும் இல்லை. பாலியல் தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஊர் பார்க்கும் பார்வையில் பெரிய தூரமும் இல்லை என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டான். ஹீரோவுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், மஞ்சள் பாவாடையில், இரண்டு வினாடிக்குமேல் முகம் தெரியாது. அந்த இரண்டு வினாடியில் நிறுத்தி, பெரிதாக்கி, ஸ்கிரீன் ஷாட் எடுத்து, வகுப்பு முழுக்க அனுப்பிவிட்டான். எங்கள் பிரின்சிபால் கொஞ்சம் கறாரான ஆள். மிஸ்ஸைக் கூப்பிடவே இல்லை. பையனின் அம்மாவை வரச் சொல்லி, அவர் எதிரிலேயே அவன் போனைக் கொடுத்து, "நீ எந்த இடத்துல நிறுத்தினே, அம்மாவுக்குக் காட்டு" என்றார். அவன் காட்டவில்லை. அழுதான். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாளில் பசங்களுக்கு அது பழங்கதை ஆகிவிட்டது, கிரிக்கெட் வந்தது, அரைப் பரீட்சை வந்தது, ஆண்டு விழாவுக்கு அந்த மிஸ்ஸிடமே கோலாட்டம் கற்றுக்கொண்டு மேடையேறினார்கள், அந்தப் பையனும் அதில் இருந்தான்.

ஸ்டாஃப் ரூமில்தான் ஆறவில்லை. சீனியர் டீச்சர் ஒருவர் அந்த மிஸ் உட்கார்ந்த மேஜையில் சாப்பிட மாட்டார். இன்னொருவர் அவர் காதுபட அந்தப் பாட்டை முணுமுணுப்பார். வருஷக் கடைசியில் அவர் நின்றுவிட்டார். பசங்களால் வகுப்பு நடத்த முடியாமல் நிற்கவில்லை, எங்களால் நின்றார். எங்களால் என்று சொல்வதில் நானும் சேர்த்திதான், நான் முணுமுணுக்கவில்லையே தவிர எதிர்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்காவிடம் இதைச் சொன்னதும், "அது டான்சு, இது வேற" என்றார். வேறதான். இது பல மடங்கு கடினம், பத்து நாளில் பழங்கதை ஆகாது, மாதக்கணக்கில் ஆகலாம், சில வகுப்புகளில் ஆகாமலே போகலாம். ஆனாலும் கலாட்டா செய்கிறவன் செய்வான் என்பதற்காகக் கலாட்டாவுக்கு ஆளானவரை அனுப்புவது என்ன நியாயம்? கால் ஊனமான ஆசிரியரைப் பார்த்து நொண்டி நடந்து காட்டும் பையன்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. குரல் கீச்சென்று இருக்கும் ஆசிரியர், மாறுகண் இருப்பவர், கணவரை விட்டுப் பிரிந்தவர் என்று பட்டப்பெயர் வாங்காத வாத்தியார் யார்? அவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பி வகுப்பை அமைதியாக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை, பையனின் காதைத்தான் திருகுகிறோம் (இப்போது திருகக்கூடாது, சரி).

அதோடு 2024இல் தென் கொரியாவில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். மாணவர்கள் தங்கள் ஆசிரியைகளின் முகத்தை வெட்டி ஆபாசப் படத்தில் ஒட்டி, டீப்ஃபேக் செய்து, டெலிகிராமில் பரப்பினார்கள். கூடப் படிக்கும் பெண்களின் படங்களையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆசிரியைகள் எந்தப் படத்திலும் நடித்தவர்கள் இல்லை. ஆனால் ஆக்ஸ்னார்ட் குழுவின் வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் இவர்களுக்கும் வேலை போக வேண்டும். படம் இணையத்தில் கிடைக்கிறது, மாணவர்கள் பார்த்துவிட்டார்கள், மரியாதை போய்விட்டது. உண்மையா போலியா என்பது பின்வரிசைச் சிரிப்புக்குத் தேவையே இல்லை. போலி என்றால் பாதிக்கப்பட்டவர் என்று ஆசிரியையின் பக்கம் நிற்கிறோம், அதுதான் சரி. நிஜம் என்றால் அதே சிரிப்பு, அதே வகுப்பு, ஆனால் நாம் இடம் மாறி நிற்கிறோம். அப்படியென்றால் வகுப்பு நடக்காது என்பது சும்மா சொல்லும் காரணம், உள்ளே இருப்பது "அவள் செய்தாள்" என்ற கோபம். அந்தக் கோபம் இருக்கட்டும், அதற்கு மாரிசன் தீர்ப்பில் இடமில்லை.

என் தரப்பில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. ஆக்ஸ்னார்ட் ஆசிரியை விசாரணையில் ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லவில்லை, குழு அதையும் அவருக்கு எதிராக எடுத்துக்கொண்டது. ஒரு படத்தின் தொடக்கத்தில் தான் ஒரு டீச்சர் என்று அவர் பேசியிருப்பதாகப் பள்ளியின் முன்னாள் துணை முதல்வர் சாட்சி சொன்னார். இது எனக்கும் இடிக்கிறது. வகுப்பறையை அந்த வியாபாரத்துக்குச் சரக்காக்கினால் பள்ளி கேள்வி கேட்பதில் நியாயம் இருக்கிறது. பொய் சொன்னது பற்றி மட்டும் எனக்கு அவ்வளவு கோபமில்லை. இன்டர்வியூவில் சொன்னால் வேலை கிடைக்காது, சொல்லாவிட்டால் மறைத்தாய் என்று வேலை போகும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்ற நிலைமையில் நிற்பவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

வேலையில் இருந்துகொண்டே செய்வது இன்னொரு கதை. 2023இல் மிசௌரியில் ஒரு இங்கிலீஷ் டீச்சர், காசு கட்டிச் சேர்ந்து ஆபாசப் படம் பார்க்கும் ஒன்லிஃபேன்ஸ் தளத்தில் கணக்கு வைத்திருந்தது தெரிந்து விடுப்பில் அனுப்பப்பட்டு, பிறகு ராஜினாமா செய்தார். அவர் வருஷச் சம்பளம் சுமார் 42,000 டாலர், இதில் மாதத்துக்கே 8,000 முதல் 10,000 வரை வந்ததாகச் சொன்னார். ஆசிரியர் சம்பளத்துக்குச் சட்டம் வைத்திருந்த அடிமட்ட வரம்பே அந்த மாநிலத்தில் வெறும் 25,000 டாலராக இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் இங்கே பள்ளி நிர்வாகத்தின் சங்கடம் எனக்குப் புரிகிறது. இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றில் மாணவனே காசு கட்டிச் சேர முடியும், பக்கத்து வீட்டுப் பெற்றோர் சேர முடியும். அதற்கு ஒரு விதி வைத்து, முன்கூட்டியே சொல்லி, நிறுத்து என்று கேட்கலாம். முடிந்துபோன வேலைக்கு அப்படி எதையும் கேட்க முடியாது. அவர்கள் ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள்.

ஆண்களுக்கு என்ன நடந்தது என்றும் பார்த்தேன். மயாமியில் ஓரினச் சேர்க்கைப் படங்களில் நடித்திருந்த ஒரு மாற்று ஆசிரியரை 2011இல் நீக்கினார்கள், மாநிலக் கல்வித் துறை விசாரித்துவிட்டு அவர் பாடம் எடுக்கலாம் என்றது. அதே 2011இல் இங்கிலாந்தில் ஒருவர், அவர் வேலையில் இருந்துகொண்டே நடித்தவர், ஆசிரியர் கவுன்சில் கண்டித்ததோடு சரி, வகுப்பெடுக்கத் தடை போடவில்லை. இரண்டு பேரை வைத்து ஆண்களுக்கு ஒரு நீதி என்று முடிவு கட்ட மாட்டேன். ஆனால் வேலைக்கு எடுப்பவர் முடிவு செய்யாமல், ஆசிரியர் தகுதியைப் பார்க்கும் அமைப்பு முடிவு செய்த இடங்களில் பதில் வேறாக வந்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. மாவட்ட நிர்வாகத்துக்குப் பெற்றோர் போன் வருகிறது, டிவி வேன் வாசலில் நிற்கிறது. சான்றிதழ் கொடுக்கும் அமைப்பின் வாசலில் யாரும் நிற்பதில்லை.

இதையெல்லாம் வெளிப்படையாகச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்த இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. அங்கே பாகுபாடு தடுப்புச் சட்டம் 1991இல் வந்தது. சட்டப்படியான பாலியல் தொழில் செய்பவர்களை அதைக் காரணமாக்கி ஒதுக்கக் கூடாது என்று பிற்பாடு அதில் பாதுகாப்பு சேர்ந்தது. ரொம்ப நல்லது. ஆனால் 28ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குழந்தைகளைப் பராமரிக்கும், அவர்களுக்குக் கற்பிக்கும் வேலையாக இருந்தால், குழந்தைகளின் நலனுக்குத் தேவை என்று காட்டினால், பாலியல் தொழில் செய்பவர்களையும் திருநர்களையும் ஒதுக்கலாம். இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பதிலேயே அந்தப் பயம் எந்த மாதிரியானது என்று தெரிகிறது. குழந்தைக்கு ஆபத்தானவர் யார் என்பதற்குக் குற்றப் பதிவு இருக்கிறது, சரிபார்ப்பு முறை இருக்கிறது. பெரியவர்களோடு பெரியவராகச் சம்மதத்தோடு செய்த வேலை அந்த ஆபத்தின் அறிகுறி என்று யாரும் நிரூபித்ததில்லை, அருவருப்பைத்தான் ஆபத்து என்று எழுதி வைத்தார்கள். 2024இல் பாலியல் தொழிலைக் குற்றமற்றதாக்கிய சட்டத்தோடு அந்த விதிவிலக்கையும் எடுத்துவிட்டார்கள்.

நியூசிலாந்தில் 2003 ஜூனில் அந்தச் சட்டம் 60க்கு 59 என்று ஒரே ஓட்டில் தேறியது, ஒருவர் யாருக்கும் போடவில்லை. அன்றைக்கு சபையில் பேசியவர்களில் ஜார்ஜினா பேயர் என்பவர், திருநங்கை, முன்பு தானே பாலியல் தொழில் செய்தவர். 1995இல் கார்ட்டர்டன் என்ற சின்ன ஊருக்கு மேயர், 1999இலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர். வன்முறைக்கு ஆளானபோது போலீசிடம் போக முடியாத நிலைமையைத் தன் வாழ்க்கையிலிருந்தே சொன்னார். விவசாயிகள் வசிக்கும் பழமைவாதத் தொகுதி அது, அவர் யார், என்ன செய்தார் என்று எல்லாம் தெரிந்துதான் ஓட்டுப் போட்டார்கள். நாட்டுக்கே சட்டம் போடலாம், ஆனால் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் கூட்டச் சொல்லித்தரக் கூடாதா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் எழவே இல்லை, எழும் இடத்துக்கு நாம் வரவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் வயது வந்தவர் தன் விருப்பத்தோடு செய்யும் பாலியல் தொழிலுக்காகப் போலீஸ் தொல்லை கொடுக்கக் கூடாது, அவர்களுக்கும் கண்ணியமான வாழ்வு உண்டு என்று உத்தரவு போட்டது. மறுவாழ்வு பற்றியும் அந்த வழக்கில் நிறையப் பேச்சு நடந்திருக்கிறது. மறுவாழ்வு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தையல் மெஷின்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி பி.எட். முடித்து டெட் எழுதி வந்து நின்றால் எந்தப் பள்ளி எடுக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தத் தொழிலை விட்டுவிட்டு வா, வேறு வேலை செய் என்று ஊரே அறிவுரை சொல்லும், வேறு வேலை என்று மனதில் வைத்திருக்கும் பட்டியலில் டீச்சர் வேலை இருக்காது.

அக்கா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "சரிடி, நீ ஹெச்.எம். பேரன்ட்ஸ் மீட்டிங். நாப்பது பேரு கத்துறாங்க. டிசி வாங்கிட்டுப் போறேங்கிறாங்க. என்ன சொல்லுவே?"

யோசித்துத்தான் சொன்னேன். டீச்சர் செய்தது சட்டவிரோதம் இல்லை, பல வருஷம் முன்னால் முடிந்தது, இந்தப் பள்ளியில் அவர் வகுப்பு எடுத்த விதத்தில் உங்களுக்குப் புகார் இருந்தால் எழுதிக் கொடுங்கள், விசாரிக்கிறேன் என்பேன். அப்புறம், அந்த வீடியோ எந்தப் பிள்ளையின் போனில் முதலில் வந்தது, பதின்மூன்று வயசில் அவன் அந்தத் தளத்தில் என்ன செய்துகொண்டிருந்தான், அதை வகுப்புக்கு யார் அனுப்பியது என்று கேட்பேன். அதில் ஒரு பகுதி போலீஸ் விஷயம் என்றும் சொல்வேன். டீச்சருக்கு அவர் கேட்டால் சில நாள் லீவு, அவர் கேட்டால் வேறு வகுப்பு, அவர் கேட்காமல் எதுவும் இல்லை.

"டிசி கேட்டா?"

"கேட்டா கொடுத்துடுவேன் அக்கா."

"பத்து டிசி கொடுத்தா மேனேஜ்மென்ட் உனக்கும் சேர்த்து ஒண்ணு கொடுக்கும்டி," என்றார். அது நடக்கும் என்பதை நான் மறுக்கவில்லை.